மோதிர விரல் வாசித்த பாட்டு

அன்பும் அதைவிடக் கூடுதலாகப் பொறுமையும் உள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் என் ஒன்பது விரல்களும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணியும் அண்ணியின் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மிச்சமிருக்கிற அந்தப் பத்தாவது விரலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள், "என்னம்மா இது, பல்லு புடுங்கறதை விட்டுட்டு பாட்டு கத்துக்கிறியாமே? மாப்பிள்ளை சொல்றார். உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பதில் இருந்தது, ஆனால் அது தொலைபேசிக்குள் அடங்குகிற பதில் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் நம்புவீர்கள். சொன்ன பிறகும் நம்புவீர்களா என்பது சந்தேகம். எனக்கே இன்னும் பாதி நம்பிக்கைதான் வந்திருக்கிறது. ஆகவே அண்ணியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

விரலை உடைத்தவர் உங்கள் மாப்பிள்ளை. இதை நான் புகாராகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். எங்கள் கார்க் கதவு ஒரே தடவையில் சாத்திக்கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரியும். வந்திருந்தபோது நீங்களே அதோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் இறங்கி, கதவுச் சட்டத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, செருப்புக்குள் புகுந்த கல்லை உதறிக்கொண்டிருந்தேன். மனிதர் சுற்றி வந்து, வானத்தைப் பார்த்தபடியே (வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் வேறு எதைப் பார்ப்பார்?) கதவைச் சாத்தினார். அது சாத்திக்கொள்ளவில்லை. "சனியன், இன்னைக்கும் சாத்த மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை இடுப்பையும் கொடுத்து இன்னொரு முறை சாத்தினார். அதற்கப்புறம்தான் நான் கத்துவது அவருக்குக் கேட்டது. மற்ற விரல்கள் சாமர்த்தியமாக விலகிக்கொண்டன. மோதிர விரல் மட்டும் நின்று வாங்கிக்கொண்டது.

கட்டுப் பிரித்தபோது விரல் இருந்தது, ஆனால் என்னுடையதாக இல்லை. சுண்ணக்கட்டி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மடங்கு என்றால் மடங்காது, மடங்கினால் நடுங்கும். ஒரு விரல்தானே என்று நினைப்பீர்கள். பல் டாக்டருக்கு அந்த ஒரு விரல் வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி, அண்ணா. வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கட்டை விரலும் அதற்கடுத்த இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கும். மோதிர விரல் நோயாளியின் முன்பல்லின் மேல் அசையாமல் ஊன்றி நிற்கும். அது நின்றால்தான் கை நிற்கும். கை நின்றால்தான் வலது கையில் இருக்கிற, பல்லைக் குடைகிற மெஷின் போக வேண்டிய இடத்துக்குப் போகும். நான் மறுபடி வேலையில் உட்கார்ந்த முதல் நாளே, கண்ணாடி நோயாளியின் பல்லில் டக் டக் டக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. அந்த மனிதர் வாயைத் திறந்தபடியே, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எனக்குக் கை காட்டினார். நான் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்கு வேணாம், வேற டாக்டருக்கு எழுதித் தர்றேன்" என்றேன். அவர் போனதும் கைகழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். இதை உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே அவர் எந்தக் கதவைக் கண்டாலும் ஒரு கணம் நின்று, எல்லாருடைய கைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாத்துகிறார்.

அதற்கப்புறம் மருந்து எழுதித் தருவது, புத்தி சொல்வது, மற்ற டாக்டர்களிடம் அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை என்று ஆகிவிட்டது. கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிற அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். யார் முதலில் உள்ளே போவது, யார் காத்திருப்பது என்று அவர் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. நாங்கள் அவரை நீதிபதியம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் ஒரு நாள், காலியாகக் கிடந்த நாற்காலி வரிசையைப் பார்த்துக்கொண்டே, "டாக்டர், போர்டை மாத்திடலாமா? பழைய பத்திரிகை படிக்க இங்கே வரவும்னு எழுதிடலாம்" என்றார். கிளினிக்கை மூடிவிட்டு உங்களோடு வந்து இருக்கச் சொல்லி நீங்கள் எழுதியதும் அந்தச் சமயத்தில்தான். அன்பாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் அடுத்தவர் வாய்க்குள் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாதே, அண்ணா. உங்கள் வீட்டில் வந்து நாள் முழுக்க உங்கள் இரண்டு பேர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

விரலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிப் பெண் முதலில் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். துணி காயப்போடுகிற கிளிப்பைத் திறந்து மூடச் சொன்னாள். திறந்து மூடினேன். இதனால் எந்தத் தசை எப்படி வேலை செய்யும், ஏன் செய்யாது என்று நான் அவளோடு விவாதமும் செய்தேன். டாக்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது போலக் கொடுமை வேறில்லை என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. கடைசியில் அந்தப் பெண் பொறுமையிழந்து, "மேடம், நீங்க யோசிச்சு யோசிச்சு மடக்குறீங்க. அதான் வர மாட்டேங்குது. ஏதாச்சும் வாத்தியம் வாசிங்களேன். வேலைன்னு தெரியாம விரல் வேலை செய்யணும்" என்றாள்.

வாத்தியம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது என் பரம வைரி. எங்கள் கிளினிக்குக்கு நேர் மேலே ஒரு கிட்டார் வகுப்பு நடக்கிறது. அங்கிருந்து வருகிற சத்தத்தைப் பொறுக்க முடியாமல் நான் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பதும், என் மெஷின் சத்தத்தால் பிள்ளைகளுக்குச் சுருதி கெடுகிறது என்று வகுப்பு நடத்துகிற மாஸ்டர் கட்டட உரிமையாளரிடம் முறையிடுவதும் வெகு காலமாக நடந்துவருகிற காரியம். சண்டை முழுவதும் கூரை வழியாகவே நடந்ததால் நேரில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. மாடிப்படியில் என்னைக் கண்டால் மனிதர் வந்த வழியே திரும்பிவிடுவார். விரோதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது விரோதமில்லை என்பது, வெள்ளைக் கோட்டோடு நான் அவர் வகுப்பு வாசலில் போய் நின்ற அன்றுதான் தெரிந்தது.

ஆள் எப்படி என்கிறீர்கள்? வாசல்படியில் குனிந்து நுழைய வேண்டிய உயரம், மண்வெட்டி மாதிரி கை, ஆனால் குரல் மட்டும் தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. என்னைப் பார்த்ததும் எழுந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, வலது கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"டாக்டர், எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நான் ஒண்ணும் கேக்கலையே!"

"இல்ல, முன்கூட்டியே சொல்லிடறேன்."

"நான் கிட்டார் கத்துக்க வந்திருக்கேன்."

மனிதர் கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவே இல்லை. "பழி வாங்கறதுக்கா?" என்று கேட்டார்.

விரலைக் காட்டினேன். காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. கிட்டக்க வந்து, விரலைத் தொடாமல், உடைந்த குருவிச் சிறகைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். "உக்காருங்க டாக்டர்" என்று ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, தான் அறையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் ஏதோ சொல்லிச் சிரித்தபோது பார்த்துவிட்டேன்: கீழ்வரிசை, வலது பக்கம், கடைவாய்ப்பல்லில் கறுப்பாக ஒரு குகை. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து மனிதர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, உதட்டைப் பிரிக்காமலேயே பாடம் நடத்தினார். எனக்கு ஆரம்பப் பாடங்கள் எல்லாம் 'ம்ம்ம்', 'ம்ஹும்' என்ற மொழியில்தான் கிடைத்தன.

"மூணு கார்டு போதும் டாக்டர், ஒரு பாட்டுக்கு" என்றார். நான் கைப்பையைத் திறந்து, "எங்க கிளினிக் கார்டு ஒண்ணுதான் இருக்கு" என்றேன். அவர் சொன்னது அந்தக் கார்டு இல்லையாம். மூன்று விரல்களை மூன்று இடத்தில் வைத்துக் கம்பிகளை அழுத்தினால் பிறக்கிற ஒலிக் கூட்டுக்கு அப்படிப் பேராம். ஜி, சி, டி என்று மூன்று. ஆங்கில எழுத்துப் படிக்கிற பிள்ளை மாதிரி நானும் சொல்லிக்கொண்டேன். அழுத்தியபோது கம்பி விரல் நுனியை அறுத்தது. தட்டியபோது தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட சத்தம் வந்தது. கிளினிக்கிலிருந்து கூரையைத் துடைப்பக் கட்டையால் யாரோ இடித்தார்கள். நீதிபதியம்மாதான். மேலே இருப்பது நான் என்று அவருக்குத் தெரியாது.

ஆனால் அண்ணா, அந்த வாரக் கடைசியில் ஒன்று நடந்தது. ஜி கார்டைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவையும் ஈ தான் என்ற எண்ணத்தோடு அலட்சியமாக ஒரு தட்டுத் தட்டினேன். ஆறு கம்பியும் ஒன்றாக மணி மாதிரி ஒலித்தன. கிட்டார்ப் பெட்டி என் விலாவில் சாய்ந்திருந்ததா, அந்த ஒலி காது வழியாக வரவில்லை, எலும்பு வழியாக வந்தது. விலா, தோள், தாடை என்று ஏறி மண்டைக்குள் போய் நின்று, மெதுவாக, மிக மெதுவாக அடங்கியது. எலும்பு வழியாக ஒலி போகும் என்பது எனக்குப் புதிதில்லை. பல்லைக் குடையும்போது நோயாளிக்கு அந்தச் சத்தம் அப்படித்தான் கேட்கிறது. எத்தனை ஆயிரம் பேர் மண்டைக்குள் அந்த வழியாக அந்தக் கர்ண கடூரத்தை அனுப்பியிருக்கிறேன்! அதே பாதையில் இப்படியொன்றும் போகும் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லையே! மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். "அதான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லித்தருகிற பாட்டு, அவரே கட்டிய ஒரு கதைப்பாட்டு. ஏரியில் படகோட்டுகிற ஒருவன். ஒரு நாள் ஒரு பெண்ணை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், படகில் அவள் குடை கிடக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்று துடுப்புப் போடுகிறான். அவள் போய்விட்டாள். மறுநாளும் போகிறான், அதற்கு மறுநாளும் போகிறான். மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

அக்கரை இறங்கிய பெண்ணே, உன்
குடையை மறந்து போனாயே,
வெயிலென்றால் நான் பொறுப்பேன், இன்று
மழை வந்தால் நனைவாயே.

மெட்டு ஒன்றேதான், சரணத்துக்குச் சரணம் மாறுவதில்லை. பாட்டில் வருகிறது விரிக்கிற குடை. பாட்டுக் கட்டியவர் பயந்து நடுங்கியது பல்லைக் குடைகிற குடை. இதை நான் அவரிடம் வேடிக்கையாகச் சொல்லப்போக, அன்றைய பாடம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

கார்டைப் பிடிப்பதாவது பரவாயில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் உயிர் போகிற வேலை. ஜி முடிந்து சி வர வேண்டும். விரல்களைப் பிடுங்கி, ஒவ்வொன்றாக எடுத்து, குனிந்து கம்பியைத் தேடி நான் நட்டுமுடிப்பதற்குள், 'அக்கரை இறங்கிய' என்று ஆரம்பித்தவன் நடு ஏரியில் துடுப்பைத் தூக்கியபடி நின்றுகொண்டிருப்பான். "டாக்டர், பாவம் அவர், ரொம்ப நேரமா நிக்கிறாரு. கொஞ்சம் கரை சேத்துடுங்க" என்பார் மாஸ்டர், அறைக் கோடியிலிருந்து.

வீட்டில் உங்கள் மாப்பிள்ளையின் நிலைமையைச் சொல்கிறேன். மாஸ்டர் இரவல் கொடுத்த கிட்டாரை நான் உறையிலிருந்து எடுக்கும்போதே, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிடுவார். "இன்னும் வாசிக்கவே இல்லைங்க" என்றால், "இல்ல, பொதுவாச் சொன்னேன்" என்பார். கதவைச் சாத்திய மனிதர் என்ற காரணத்தால் அவருக்கு எதிர்ப்புத் தெரிவிக்கிற உரிமை இல்லையென்று அவராகவே முடிவு செய்துகொண்டார். 'மழை வந்தால் நனைவாயே' என்ற வரியை நான் விடாமல் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அடுத்த ரெண்டு நாளைக்கு வறண்ட வானிலைதான்மா. அந்தப் பொண்ணு நனையாது" என்று மட்டும் சொன்னார். அவர் செய்த ஒரே கலகம் அதுதான். உங்களுக்குத் தொலைபேசியில் புலம்பியது இரண்டாவது போலிருக்கிறது.

கிளினிக்கிலும் வாசித்தேன். நோயாளி படுக்கிற நாற்காலி இருக்கிறதே, கிட்டார் வாசிக்க அதைவிடச் சௌகரியமான இடம் உலகத்தில் இல்லை. சாய்த்துக்கொள்ளலாம், உயர்த்திக்கொள்ளலாம், மேலே விளக்கு வேறு. ஒரு நாள் வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர், உள்ளேயிருந்து வருகிற ஓசையைக் கேட்டு, "உள்ள என்னங்க பண்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். நீதிபதியம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "வேர் சிகிச்சை" என்று சொல்லியிருக்கிறார். வரிசையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, எந்த நாளில் என்று எனக்குத் தெரியவில்லை, ஒரு நாள் பாடிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் விழுந்துவிடக் கூடாதே என்று பார்த்தபடி இருந்துவிட்டு, சட்டென்று கையைப் பார்த்தால், விரல்கள் சி கார்டில் உட்கார்ந்திருந்தன. நான் உத்தரவே போடவில்லை, அண்ணா! அவை தாமாகப் போயிருந்தன, தாமாகத் திரும்பி வந்தன. என் கையை நானே வேடிக்கை பார்த்தேன். நரம்பு எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று படம் போட்டுக் காட்டத் தெரிந்தவள்தான் நான். அதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன, அந்தக் கணம் எனக்கு அது ஒரு மாயமாகத்தான் இருந்தது. பாட்டின் கடைசிச் சரணத்தை முதன்முறையாக முழுசாகக் கேட்டதும் அன்றுதான். அதுவரை விரலைப் பார்ப்பதிலேயே கவனமாக இருந்ததால் கதை எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியாது.

ஊரும் தெரியாது, பேரும் தெரியாது,
துடுப்பு ஓயவில்லை;
மழையில் நனைந்தேன், உன் குடையை நான்
ஒருநாளும் விரிக்கவில்லை.

தொண்டை அடைத்துவிட்டது. அதே ஜி, அதே சி, அதே டி. முதல் சரணத்தில் சும்மா ஒலித்த அதே மூன்றுதான். கடைசியில் மட்டும் ஏன் அடைக்கிறது? தொண்டைக்குள் இருக்கிற ஒவ்வொன்றின் பெயரும் எனக்குத் தெரியும். அங்கே அடைப்பதற்கு ஒன்றுமே இல்லை. மாஸ்டரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது டாக்டர். தெரிஞ்சா இன்னொரு பாட்டுக் கட்டியிருப்பேனே" என்றார்.

அதற்கப்புறம் ஒரு காலையில் மாடி அமைதியாக இருந்தது. பாடம் படிக்க வந்தவர்கள் படியிலேயே திரும்பிப் போனார்கள். இரண்டாவது நாளும் அப்படியே. நீதிபதியம்மா மேலே போய்ப் பார்த்துவிட்டு, கையோடு மாஸ்டரைக் கைது செய்து கூட்டிவந்தார். வலது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் குகைப் பல்தான். அவ்வளவு பெரிய உடம்பு, வாசல்படியில் குனிய மறந்து இடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு நின்றது.

"சீழ் வெச்சிருக்கு. மாத்திரை தர்றேன், வீக்கம் வடியட்டும். அப்புறம் எடுத்துடணும். நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார், எழுதித் தர்றேன்."

"வேற யார்கிட்டயும் போக மாட்டேன்."

"என் கை நடுங்குதுங்க மாஸ்டர். உங்களுக்குத் தெரியாதா?"

"உங்க கை எனக்குத் தெரியும் டாக்டர்," என்றார், உதட்டை ஒரு பக்கமாக அசைத்து. "தினம் பாத்துட்டு இருக்கேன்ல? வேற யார் கையையும் எனக்குத் தெரியாது. தெரியாத கையை வாய்க்குள்ள விட மாட்டேன்."

நான் நீதிபதியம்மாவைப் பார்த்தேன். அவர் நோட்டைத் திறந்து அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவிட்டு, "இவருக்குத் தேதி கொடுத்தாச்சு" என்றார். மேல்முறையீடு கிடையாது என்றுதான் சொன்னேனே.

அந்த நாள் வந்தது. வீக்கம் வடிந்திருந்தது, பயம் வடியவில்லை. நாற்காலியில் அவர் படுத்ததும் நாற்காலியே நடுங்கியது. தட்டிலிருந்த கருவிகள் கிணுகிணுத்தன. ஊசி போடுவதற்கு வலது கை போதும், கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்க இடது கையின் கட்டை விரல் போதும், ஆகவே அதுவரை தப்பித்தேன். இனி மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பயந்தவர்கள் எழுந்து ஓடுவார்கள். மாஸ்டரின் கண் வாசலை அளந்துகொண்டிருந்தது. என் கண்ணும்தான். இரண்டு பேரில் யார் முதலில் ஓடப்போகிறோம் என்பதே கேள்வி.

"டாக்டர், அந்தப் பாட்டை வாசிங்களேன்" என்றார்.

"இப்பவா?"

"ஏதாச்சும் கேட்டுட்டு இருந்தா பயம் தெரியாது."

மூலையில் சாய்த்துவைத்திருந்த கிட்டாரை எடுத்து, சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து, ஆரம்பித்தேன். ஒரு தடவைகூட நிற்காமல் முழுப் பாட்டையும் நான் அதுவரை வாசித்ததே இல்லை. மாஸ்டர் நாற்காலிக் கையில் ஒரு விரலால் தாளம் போட்டார். கூடவே பாடவும் ஆரம்பித்தார். பாதி உதடு மரத்துப்போயிருந்ததா, 'அக்கழை இழங்கிய பெண்ணே, உன் குழையை மழந்து போழாயே' என்று வந்தது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் நின்றது. கதவு மெதுவாகத் திறந்து, நீதிபதியம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்களின் முகங்கள், ஒருவர் கன்னத்தில் கையோடு. 'ஒருநாளும் விரிக்கவில்லை' என்று கடைசி ஜி கார்டைத் தட்டி, அது அடங்கும்வரை காத்திருந்தேன். முழுசாக அடங்கியது. நீதிபதியம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நாற்காலி நடுங்கவில்லை.

கைகழுவி, உறை மாட்டி, கண்ணாடியை எடுத்தேன். இடது கை அவர் வாய்ப்பக்கம் போயிற்று. மோதிர விரல் முன்பல்லின் மேல் இறங்கி உட்கார்ந்தது. டக் டக் டக் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். கண்ணாடிக்குள் அந்தக் கறுப்புக் குகை, ஏரித் தண்ணீர் காற்றில்லாத நேரத்தில் நிற்குமே, அப்படி அசையாமல் நின்றது. அண்ணா, நான் தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒரு சொத்தைப் பல்லைப் பார்த்து 'எவ்வளவு அழகு' என்று நினைத்தது அதுதான் முதல் தடவை. வலது கை தன் வேலையை மறந்திருக்கவில்லை. அசைத்து, தளர்த்தி, எடுத்தேன்.

"டாக்டர், எப்ப ஆரம்பிப்பீங்க? சொல்லிட்டு ஆரம்பிங்க" என்றார் மாஸ்டர், கண்ணை இறுக மூடியபடி. நான் இடுக்கியில் பிடித்திருந்த பல்லை அவர் மூக்குக்கு நேரே காட்டினேன். கண்ணைத் திறந்தவர் பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் பல்லைப் பார்த்தார். பஞ்சைக் கடித்தபடி, அந்த முதல் நாளுக்கப்புறம் இப்போதுதான் வாய் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "பஞ்சு விழுந்துடும், மூடுங்க" என்று அதட்டினேன்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: உடம்புக்கு ஒன்றுமில்லை. கிளினிக்கை மூடப்போவதில்லை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். நீதிபதியம்மாவுக்குப் பத்திரிகை படிக்க நேரமில்லை. உடைந்த விரலை ஒரு பாட்டு ஒட்டவைத்தது. ஒரு மனுஷன் மூன்று கார்டை வைத்துக் கட்டிய பாட்டு, மருந்து செய்யாததைச் செய்தது. இதை நான், ஆதாரமில்லாத எதையும் நம்பாத உங்கள் தங்கை, என் கையால் எழுதுகிறேன். வேலை முடிந்துவிட்டதால் கிட்டாரையும் நேற்றே மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு ஆயுளுக்கு ஒரு பாட்டுப் போதும். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. மாப்பிள்ளை நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார். ஆகவே நீங்களும் அண்ணியும் சொன்னபடி அடுத்த மாதம் தாராளமாகக் கிளம்பி வாருங்கள், காதுக்கு நான் பொறுப்பு.

உங்கள் இருவர் காலிலும் இங்கிருந்தே விழுந்து எழுந்துகொள்கிறேன். அண்ணியின் முழங்காலுக்கு என் தனிப்பட்ட வணக்கம். இரண்டு பேரும் படுக்கப்போகுமுன் பல் தேய்க்கவும்.

என்றும் உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் எலும்பு டாக்டரிடம் கடைசிப் பரிசோதனைக்குப் போகும்படி ஆயிற்று. மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் ஒன்று விடாமல், பாட்டையும் பாடிக்காட்டிச் சொன்னேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "கிட்டார் வாசிச்சா விரல் நுனி காய்ச்சுப் போகும்ல? ஆள்காட்டி விரல் காய்ச்சிருக்கு, நடுவிரல் காய்ச்சிருக்கு, சுண்டுவிரல் காய்ச்சிருக்கு. மோதிர விரல் பாருங்க, பச்சைக் குழந்தை கன்னம் மாதிரி இருக்கு. இந்த விரலால நீங்க கம்பியைத் தொட்டதே இல்லம்மா" என்றார். எலும்பு தன்பாட்டுக்கு எப்போதோ கூடிவிட்டதாம், எனக்குத்தான் தெரியவில்லையாம். நேரே மாடிக்குப் போய் மாஸ்டரைப் பிடித்தேன். "முதல் நாள்லயே பாத்தேன் டாக்டர். மோதிர விரலைத் தூக்கி வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் சுண்டுவிரலால பிடிச்சீங்க. சொன்னா கோவத்துல கீழ போய் மெஷினை எடுத்துட்டு வந்துடுவீங்களோன்னு விட்டுட்டேன்" என்கிறார். ஆக, பாட்டு விரலை ஒட்டவைத்தது என்று மேலே நான் எழுதியிருப்பது நடந்தபடி இல்லை. அப்படியென்றால் அன்று அந்த விரல் மாஸ்டரின் பல்லின் மேல் அசையாமல் போய் உட்கார்ந்ததே, அது எதனால்? எலும்பு டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை, மாஸ்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கிட்டாரைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். நீங்கள் வருவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுவது நல்லது. இன்று காலை முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, அந்த விரலாலேயே கம்பியை அழுத்தினேன். வலிக்கிறது, அண்ணா. என்ன அருமையாக வலிக்கிறது!